எட்டு முழ வெளிச்சம்

புகைப்பட வகுப்பில் முதல் பயிற்சிக்குக் கொடுத்த தலைப்பு எளிதானது: வீட்டில் ஒருவர், ஒரே ஒரு விளக்கு. சிங்கப்பூரின் பிடோக் நார்த்தில் எங்கள் நாலறை வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் உட்கார்ந்து கொடுக்கத் தயாராக இல்லை. அம்மா கேமராவைப் பார்த்தாலே சமையலறைக்குள் போய்விடுவார். தம்பி காசு கேட்டான். அப்பாவுக்குச் சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை. பகலெல்லாம் தூங்கி மூன்றரை மணிக்கு எழுந்து, கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணியைத்தான் நான் கேட்டு வாங்கினேன்.

பாடத்தில் சொன்னபடியே செய்தேன். இரவல் ஃபிளாஷ் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, முகத்துக்கு 45 பாகையில், கண்ணுக்குச் சற்று மேலே வைத்தேன். பின்னால் வெள்ளைச் சுவர். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கேமராவின் பின்திரையில் சட்டை வெளுத்துவிடாமல் பார்த்துப் பார்த்து அளவை அமைத்தேன். வகுப்பில் அச்சுப் போட்டு ஒட்டியபோது சுவர் நன்றாக வந்திருந்தது, சட்டைப் பொத்தானின் நூல் வரைக்கும் தெரிந்தது. அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணும் கொஞ்சம் பல்லும் இருந்தன.

"வெளிச்சம் போதவில்லை, கூட்டு" என்று அச்சின் ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார்கள்.

கூட்டினேன். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு, பிறகு இன்னொன்று. சுவரும் சட்டையும் ஒன்றாகக் கரைந்துபோயின. முகம் தெரிந்தது, ஆனால் அடுப்புச் சாம்பலைப் பூசிவிட்ட மாதிரி. நெற்றியில் மட்டும் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. என்னோடு படித்தவர்கள் அதே விளக்கை அதே கோணத்தில் வைத்து அவரவர் வீட்டுப் பாட்டியையும் அக்காவையும் எடுத்து வந்திருந்தார்கள். எல்லாம் புத்தகத்தில் போட்டதுபோல இருந்தன. என்னுடைய கையில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு பருவம் முழுக்க நம்பினேன்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு உலகமே 18 விழுக்காடு சாம்பல். எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கிக் கொடுக்கப் பார்க்கும். புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறையில், கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஏணிப்படி மாதிரி எண் போட்டிருப்பார்கள். நடுச்சாம்பல் ஐந்தாம் படி. வெள்ளையரின் சராசரித் தோலுக்கு ஆறாம் படி. எந்தத் தோல் எந்தப் படி என்பதை எடுக்கிறவர் முடிவு செய்ய வேண்டும், மானி சொல்லாது. நான் முடிவு செய்யவே இல்லை. அப்பாவை முதலில் சட்டைக்காக விட்டுக்கொடுத்தேன், அப்புறம் ஆறாம் படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் நான்கில் நிற்கிற மனிதர்.

கலர் ஃபிலிமிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் ஃபிலிம் கழுவும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். முதலில் அதற்கு உட்கார்ந்தவரின் பெயரால் ஷெர்லி அட்டை என்றே பெயர் நின்றுவிட்டது. அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பழுப்பு நிறங்கள் குழம்பிப்போகின்றன என்ற புகாரில் நிறுவனம் அசைந்ததற்குக் காரணம் கறுப்புத் தோல்காரர்கள் இல்லையாம். சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் தங்கள் சரக்கு விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று கேட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. தேக்கு மேசைக்குக் கிடைத்த நியாயம்.

சரி, அளவு புரிந்தது. கையில் பிடித்து அளக்கும் மானி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். அதன் தலையில் பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டியதுபோல ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கைப் பார்க்கத் திருப்பினால், முகத்தின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லும். உட்கார்ந்திருப்பவர் கறுப்பா சிவப்பா என்று அதற்குத் தெரியாது. அளவு சரியாகிவிட்டது. சாம்பலும் போய்விட்டது. நெற்றிப் பொட்டு மட்டும் போகவில்லை, கன்னம் தட்டையாகவே கிடந்தது.

அதற்கு விடை கிடைத்தது கேரம் பலகையில். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் தரைத்தளத்தில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் சாயங்காலம் பலகை போடுவார்கள். ஸ்ட்ரைக்கரை ஓரக்கட்டையில் அடித்துத் திருப்புகிறவன், காய் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பதில்லை. கட்டையில் எந்த இடத்தில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்கிறான். போன கோணமும் திரும்பும் கோணமும் ஒன்று. வெளிச்சமும் அப்படியே. வெளுத்த தோலில் விழும் வெளிச்சம் பெரும்பகுதி உள்ளே போய்ச் சிதறி எல்லாப் பக்கமும் வெளியே வரும். அங்கே முகத்தின் வடிவத்தை வரைவது நிழல். கறுத்த தோல் உள்ளே போனதில் நிறைய விழுங்கிவிடும். ஆனால் மேற்பரப்பில் பட்டுக் கண்ணாடி மாதிரி திரும்புகிற பங்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அப்பாவின் முகத்தை வரைவது மினுக்கம். கன்ன எலும்பின் மேடு, மூக்குத் தண்டு, கீழுதட்டின் ஓரம் எல்லாம் அதில்தான் தெரிய வேண்டும்.

கண்ணாடியில் தெரிவது எதிரே இருக்கும் பொருளின் பிம்பம். என் ஃபிளாஷின் முகம் ஏழு சென்டிமீட்டர் அகலம். அதன் பிம்பம்தான் நெற்றியில் ஐம்பது காசாக எரிந்தது. விசையைக் கூட்டக் கூட்டக் காசு இன்னும் சுடர்விடுமே தவிரப் பெரிதாகாது. விளக்கைப் பெரிதாக்க வேண்டும், அது கன்னத்தில் பட்டுக் கேமராவுக்குத் திரும்புகிற இடத்தில் வைக்க வேண்டும். ஒரு வருடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் என்பது.

விளக்கின்மேல் மாட்டி அதைப் பெரிதாக்கும் சாஃப்ட்பாக்ஸ் வாங்க மாணவியிடம் காசு ஏது. பிடோக் சந்தையில் மீன் கடைக்காரர் தூக்கிப் போடும் வெள்ளை நுரைப்பெட்டியின் மூடியை முதலில் எடுத்துவந்தேன். ரிஃப்ளெக்டருக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. எத்தனை முறை எலுமிச்சை தேய்த்துக் கழுவினாலும் படம் பிடித்து முடிக்கும்வரை வாளைமீன் வாசம் போகாது என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய மூலத்துக்கு அப்பாவின் வேட்டி. எட்டு முழம், இரட்டையாக மடித்தால் நாலு முழம். துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்றை உள்ளே கொண்டுவந்து, அலமாரிக்கும் நாற்காலிக்கும் குறுக்கே வைத்து, மேற்குப் பார்த்த சன்னலுக்கு முன்னால் வேட்டியைத் தொங்கவிட்டேன். கிளிப்பு போட்டு இழுத்துக் கட்டினேன். நாலு மணி வெயில் அதில் விழுந்தது. துணி ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றது. தின்னட்டும். என் முன்னால் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு விளக்கு நின்றது.

அப்பாவை வேட்டிக்கு மிக அருகில், முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்காரவைத்தேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்ற பாடம், சின்ன விளக்குக்கு அப்படியே பொருந்தும், இவ்வளவு பெரிய துணிக்கு அவ்வளவு கறாராகப் பொருந்தாது. ஆனால் நெருங்கினால் அகலம் கூடும். எனக்கு வேண்டியது அது. பிறகு நாற்காலியைத் திருப்பினேன். வேட்டி அவர் முகத்துக்கு நேரே இருந்தபோது பழைய தட்டை முகம்தான். பக்கவாட்டில் வந்து, இன்னும் சற்றுப் பின்னால் போனபோது, காதுக்கு முன்னாலிருந்து தாடை வரை ஒரு நீளமான வெள்ளி வளைவு எழுந்தது. கன்னத்தின் மேட்டில் அகன்று, குழியில் மெலிந்து, தாடையில் மறுபடி அகன்றது. மறுபக்கம் மீன்பெட்டி மூடியை நீட்டினேன். நிழல் பெரிதாக வெளுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத் தாடையின் அடியிலும் மெல்லிய கோடு ஒன்று விழுந்து, கழுத்திலிருந்து முகம் பிரிந்தது. ஒரு கையில் மூடி, இன்னொரு கையில் ஷட்டர்.

"கை வலிக்குதா பாப்பா?" என்றார் அப்பா. அந்த அரை மணி நேரத்தில் அவராகப் பேசியது அதுதான்.

அம்மாவுடன்தான் தகராறு. அப்பா உட்காருவதற்கு முன்னால் எப்படியும் அவர் முகத்தில் பவுடரை ஒற்றிவிடுவார். பவுடர் மினுக்கத்தைக் கொன்றுவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும், "ஃபோட்டோவுக்குப் பவுடர் போடாம எப்படி?" என்பார். பிறகுதான் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும், சிவப்பு அவற்றுக்கு இருட்டு. நம் பழுப்பில் சிவப்பும் மஞ்சளும் தூக்கல். நேரில் மாநிறமாக இருப்பவரும் தட்டில் ஒரு படி கறுத்துப்போவார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் பவுடர் டப்பாவை நீட்டியது அதற்கும் சேர்த்துத்தான் இருக்கும் என்பது என் ஊகம். தட்டு போய், ஃபிலிம் போய், சென்சார் வந்துவிட்டது. டப்பா மட்டும் அம்மா கையில் இருக்கிறது. இப்போது பவுடரைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, கன்ன எலும்பில் மட்டும் ஒற்றுகிறேன். அம்மா பார்க்காதபோது.

விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்தில் கிரெட்சன் லியூ தொகுத்த ஒரு புத்தகம் இருக்கிறது. ஹில் ஸ்திரீட்டில் இருந்த லீ பிரதர்ஸ் ஸ்டூடியோ 1910லிருந்து 1925 வரை எடுத்த படங்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று சிங்கப்பூரே வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. கட்டணம் கொடுத்து, நல்ல உடுப்பு உடுத்தி வந்தவர்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1867இல் இங்கே ஸ்டூடியோ திறந்த லாம்பர்ட் கடைப் படங்களில் தமிழர்கள் பெரும்பாலும் இன்ன இனத்தவர், இன்ன தொழில் என்ற மாதிரிச் சரக்காகத்தான் நிற்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் புரட்டினால் வித்தியாசம் தெரியும். நான் அந்தப் பக்கங்களில் வேறொன்றைத் தேடினேன்: கண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளியின் வடிவம். அதைப் பார்த்தால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் எடுத்த பழைய ஸ்டூடியோக்களில் ஒரு பக்கக் கண்ணாடிக் கூரை இருக்கும், அதன் கீழே துணித் திரைகளைக் கயிற்றில் இழுத்து வெளிச்சத்தைத் திறந்து மூடுவார்கள். நான் வேட்டியில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தினசரி வேலை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலிருந்து திரட்டிய பழைய படங்களிலும் இதே புள்ளியைத் தேடிப் பார்த்திருக்கிறேன். யாரும் பெயர் எழுதிவைக்காத எத்தனை கைகள்.

சினிமாவில் எனக்குப் பாடம் பாலு மகேந்திரா. 'வீடு' 1988இல் வந்தது, அவரே ஒளிப்பதிவு. அர்ச்சனாவின் முகமும், தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரின் முகமும் சன்னலோரத்தில் எப்படி நிற்கின்றன என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். யாரையும் வெளுப்பாக்கும் அவசரம் அங்கே இல்லை. ஹார்லெமில் பிறந்த ராய் டிகராவா என்ற புகைப்படக் கலைஞர் தன் அச்சுகளை இன்னும் இருட்டாகவே போட்டார். அவர் படங்களில் கறுப்புக்குள் எத்தனை கறுப்பு என்பது கண் பழகப் பழகத்தான் தெரியும். அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

வீட்டை விட்டு வெளியே வந்தால் வேறு தொல்லை. மாலைப் பொன்வெயிலில் எடு என்று புத்தகங்கள் சொல்லும். எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து மணிக்கணக்காக இறங்கும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேல். சூரியன் கிணற்றில் வாளி விழுவதுபோல நேராக விழுந்துவிடும், அதுவும் மேகம் விட்டால். மற்ற நேரமெல்லாம் உச்சந்தலையில். 1982இல் கடிகாரத்தை முன்னே தள்ளியதால் உச்சி வெயிலும் பன்னிரண்டுக்கு வராது, ஒரு மணி வாக்கில் வரும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்குழி இரண்டும் கறுப்புப் பள்ளம்.

அதனால்தான் வாய்ட் டெக் எனக்குக் கோயில் மண்டபம். மேலே பத்துப் பன்னிரண்டு மாடி உட்கார்ந்திருப்பதால் உச்சி வெளிச்சம் அடியோடு கிடையாது. நாலு பக்கமும் திறப்பு. தூண்கள் வேண்டாத பக்கத்தை மறைக்கும். ஆளை விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நிறுத்தித் திருப்பிக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் கன்னத்தில் கோடு எழுகிறதோ அங்கே நிறுத்திவிடலாம். ஒரு பக்கம் மலாய்க் கல்யாணத்துக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பார்கள், யாரும் நம்மைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அங்கே கற்றது நிறத்தைப் பற்றி. மினுக்கத்துக்குத் தோலின் நிறம் கிடையாது, வெளிச்சத்தின் நிறம்தான். புல்தரையிலிருந்து எகிறும் பச்சை, வெளுத்த முகத்தில் லேசாகக் கலந்து போய்விடும். கறுத்த முகத்தில் தாடைக்கடியில் பச்சைக் கோடாகவே நிற்கும். எதிர் புளோக்குக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்த வருடம், நான் எடுத்த அத்தனை பேர் கன்னத்திலும் ஆரஞ்சு. முதலில் கணினியில் உட்கார்ந்து துடைத்தேன். பிறகு துடைப்பதை விட்டுவிட்டு, எதன் எதிரே நிறுத்துகிறோம் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

2017 அக்டோபரில் டவுன்டவுன் ரயில் பிடோக் நார்த்துக்கு வந்தபின், லிட்டில் இந்தியாவுக்கு மாறாமல் போக முடிந்தது. முன்பின் தெரியாதவர்களை எடுக்கும் பயிற்சிக்கு அங்கேதான் போனேன். அஞ்சடியும் ஒரு வாய்ட் டெக்தான், வயதில் மூத்தது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் கடை வீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை விடச் சொன்னதன் மிச்சம். மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தெரு. மழைக்கும் வெயிலுக்கும் செய்தது, முகத்துக்கும் உதவுகிறது.

கேம்பல் லேனில் பூக்கட்டும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். "கை நிக்காதும்மா, கட்டிக்கிட்டே இருப்பேன், எடுத்துக்க" என்றார். நல்ல கறுப்பு. மேலே டியூப் லைட்டின் பச்சை கலந்த வெள்ளை, எதிரே தெரு வெளிச்சம், மடிக்கு முன்னால் சம்பங்கியும் செவ்வந்தியும் குவியலாக. டியூப் லைட்டை அணைக்க முடியுமா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன், வியாபார நேரம். தெருப்பக்கம் தள்ளி உட்கார்ந்து, அவர் நிமிரும் நேரத்துக்குக் காத்திருந்தேன். நிமிர்ந்தபோது ஒரு கன்னத்தில் வானத்தின் வெளுப்பு ஓடியது. குனிந்தபோதோ, தாடையின் அடியிலும் மூக்கின் கீழும் செவ்வந்தி மஞ்சள் வந்து ஒட்டியது. மீன்பெட்டி மூடியால் நான் செய்ததைப் பூக்குவியல் செய்துகொண்டிருந்தது. நாற்பது படம் எடுத்திருப்பேன். குனிந்தது ஒன்றுதான் தேறியது.

அடுத்த வாரம் அச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நூலைப் பல்லில் கடித்தபடி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வெள்ளையாக் காட்டியிருக்கலாம்ல?" என்றார். நான் மினுக்கம், கோணம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். பக்கத்தில் யாரோ ரெண்டு முழம் கேட்டார்கள், அக்கா அளக்கப் போய்விட்டார். இன்று கல்யாணப் படங்கள் எடுக்கிறேன், பெண்ணின் சித்திமார் மாதத்துக்கு ஒருவராவது இதே வார்த்தையைச் சொல்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. இரண்டு அச்சு போடுகிறேன்: கேட்டபடி ஒரு படி தூக்கியது ஒன்று, நான் எடுத்தபடி ஒன்று. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது. பெரும்பாலும் இரண்டையுமே எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வருடம் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் போகப் புறப்பட்ட அப்பா, வேட்டியைத் தேடியிருக்கிறார். கிடைத்தது, நாலு ஓரத்திலும் கிளிப்பு பிடித்த துருவோடு. ஒன்றும் சொல்லாமல் பேன்ட் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று அம்மா சொன்னார். மறுநாளே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நல்ல வேட்டி ஒன்று வாங்கினேன். கொடுப்பதற்கு முன் ஆசை விடவில்லை, கழியில் மாட்டி அவரையே உட்காரவைத்தேன். புதுத் துணியின் வெள்ளை, சொட்டு நீலம் தூக்கலாகப் போட்ட வெள்ளை. அப்பாவின் கன்னத்துக் கோடு டியூப் லைட்டில் இருப்பவர்போலக் குளிர்ந்து நீலமாகத் தெரிந்தது. பழைய வேட்டி ஆயிரம் துவைப்பில் நீலமெல்லாம் போய்ப் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது என்பதும், இத்தனை வருடம் அவர் முகத்தில் நான் பார்த்த இளஞ்சூட்டில் பாதி அந்தத் துணியுடையது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

புதியதை மடித்து அவர் கையில் கொடுத்தேன். பழையதைச் சுருட்டி என் பைக்குள் வைத்தேன்.

"நல்லதைக் குடுத்துட்டுக் கிழிசலை வச்சுக்கிறியே பாப்பா," என்றார்.